நிலவொளிக்குப் பெயர் வைத்த ஏழாம் வகுப்பு

பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் போய், "சேர்ந்திசைக்கு ஒரு பாட்டு அமையுங்கள்" என்றால் திருதிருவென்று முழிப்பார்கள். "நிலா வெளிச்சத்துக்கு யாருக்கும் தெரியாத ரகசிய மொழியில் ஒரு சொல் உண்டாக்குங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்! கனடா இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைத்தான் கேட்டார். அவர்கள் கொட்டிக் கொடுத்த சொற்களையே பாடல் வரிகளாக்கி, 1968இல் இளையோர் பாடகர் குழுவுக்கு 'எபிடாஃப் ஃபார் மூன்லைட்' எழுதினார். நிலவொளிக்கு ஒரு கல்லறை வாசகம். மறு ஆண்டே மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டான்!

அந்த இசைத்தாளை எட்டிப் பார்த்தால் இன்னும் குதூகலம். வழக்கமான ஸ்வரக் குறிகளுக்குப் பதிலாகப் படங்கள்! கோடுகள் நீள்கின்றன, பருக்கின்றன, மெலிகின்றன. குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, நெருக்கமான ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அபஸ்வரம் என்று வேறு எந்த வகுப்பிலும் அதட்டியிருப்பார்கள். இங்கே அதுதான் நிலா மினுங்கும் இடம்! 220 ஹெர்ட்ஸில் ஒரு குரல், அடுத்த அரைஸ்வரமான ஏறக்குறைய 233இல் இன்னொரு குரல் என்று நிறுத்திப் பாருங்கள். சேர்ந்த ஒலி நொடிக்கு 13 முறை துடிக்கும். பாடகர் குழு முழுவதும் இப்படி நின்றால் காது கூசும், மயிர்க்கால் சிலிர்க்கும்.

ஸ்வரம் எழுதக் கற்ற பிறகுதான் இசையமைப்பு என்று பிள்ளைகளைக் காக்கவைப்பது பெரிய அநியாயம் என்பேன். தொண்டையும் காதும் இருக்கின்றனவே! 1964இல் டொராண்டோவின் நார்த் யார்க் கோடை இசைப்பள்ளியில் ஷேஃபர் மாணவர்களோடு உட்கார்ந்து, இசை என்றால் என்ன என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கினார். அந்த உரையாடல்கள் மறு ஆண்டு 'தி கம்போஸர் இன் தி கிளாஸ்ரூம்' என்ற சிறு நூலாக வந்தன. இசை கற்பிக்கும் எவரும் தேடிப் படிக்க வேண்டியது.

சொல் உண்டாக்கிப் பாடும் இந்த வழியை எந்த வகுப்பிலும் தொடங்கலாம். பிள்ளைகள் உண்டாக்கிய சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வாயிலேயே பிரித்து மேயுங்கள். மெல்லினத்தை மூச்சு உள்ளவரை இழுக்கலாம். வல்லினம் பட்டென்று வெடித்து அடங்கும். ஆகா, ஒன்றில் மெட்டு, இன்னொன்றில் தாளம்! இனி கோடு வரைய வேண்டியதுதான். மேலே போனால் சுருதி ஏறும், தடித்தால் சத்தம் கூடும். ஒரு பிள்ளை முன்னால் வந்து கையால் அந்தக் கோட்டைக் காற்றில் இழுக்க, மற்றவர்கள் குரலால் பின்தொடர்வார்கள். கேட்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், அழிப்பார்கள், மறுபடி வரைவார்கள். அந்த அழிரப்பர் இருக்கிறதே, இசையமைப்பு பிறப்பதே அதில்தான்!

முடிவை எப்படி வைப்பது என்பதில்தான் நிச்சயம் சண்டை மூளும். எல்லாரும் ஒரே ஸ்வரத்தில் வந்து சேர வேண்டும் என்பது ஒரு கட்சி, ஒவ்வொரு குரலாக உதிர வேண்டும் என்பது மறு கட்சி. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இரண்டையும் பாட வையுங்கள்!