மறுபிறவிக் காதல் – 11: ஊசிமுனையில் ஒரு கோதுமை மணி

1983-ஆம் ஆண்டு மழையில் தே-ஹி குடைக்குள் நுழைந்ததும், இராணுவத்துக்குக் கிளம்பிய இன்-வூவை வழியனுப்ப யோங்சான் ரயில் நிலையத்துக்கு அவள் வராமலே போனதும் சென்ற வாரத்துக் கதை. பதினேழு வருடம் கழித்து, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான இன்-வூ, பள்ளி ஆசிரியராக வகுப்புக்குள் நுழையும் இடத்தில் நிறுத்தியிருந்தேன். முன்கதை இவ்வளவு போதும்.

இந்த வாரம் நியூசிலாந்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். வகுப்பறையைத் தாண்ட முடியவில்லை. அங்கே ஒரு கோதுமை மணி விழுகிறது. அதன் பின்னால் போனவன் கடைசியில் நம் திருக்கோவையாரில் போய் நின்றேன். அந்த மகிழ்ச்சியை ஒரு வாரம் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை.

காட்சி இதுதான். புது வகுப்பின் முதல் நாள். இன்-வூ கரும்பலகையில் குறுக்காக ஒரே ஒரு கோடு இழுக்கிறான். இது என்ன என்று பையன்களைக் கேட்கிறான். பிறகு அவனே, இதுதான் உலகம் என்கிறான். இந்த உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் சின்னஞ்சிறு ஊசி ஒன்றை நட்டு வைத்துவிட்டு, வானத்தின் உச்சியிலிருந்து ஒரே ஒரு கோதுமை மணியைப் போட வேண்டும். அது காற்றில் அலைந்து அலைந்து வந்து அந்த ஊசியின் முனையில் குத்தி நிற்க வேண்டும். அது எவ்வளவு அரிதோ அவ்வளவு அரிது, இத்தனை நாடுகளில் இந்த நாட்டில், இத்தனை பள்ளிகளில் இந்தப் பள்ளியில், இந்த வகுப்பில், நீங்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது என்கிறான். பையன்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஹ்யோன்-பின். பதினேழு வயது. தே-ஹி செத்துப்போய் ஆன வருடங்களும் அதே பதினேழு. கோதுமை மணி ஏற்கெனவே விழுந்துவிட்டது. சொல்லிக்கொண்டிருக்கிறவனுக்குத்தான் அது தெரியாது.

'பஞ்ஜி ஜம்ப்பிங் ஆஃப் தெயர் ஓன்' 2001 பிப்ரவரியில் வெளிவந்த படம். திரைக்கதை எழுதியவர் கோ உன்-நிம். இயக்குநர் கிம் தே-சுங்குக்கு இது முதல் படம். அதற்குமுன் பல வருடங்கள் இம் க்வோன்-தேக்கிடம் உதவியாளராக இருந்தவர். கொரிய மரபையே தன் சினிமாவாக எடுத்த பெரியவர் இம். அவரிடமிருந்து வந்தவரின் படத்தில் ஓர் ஆசிரியர் மரபான பௌத்த உவமை ஒன்றை வகுப்பில் சொல்வதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆமாம், இது பௌத்த உவமைதான். ஐந்தாம் நூற்றாண்டில் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்ட மகாபரிநிர்வாண சூத்திரத்தில் ஊசி இருக்கிறது. கோதுமைக்குப் பதில் கடுகு. எறிந்த கடுகு ஊசிமுனையில் தைப்பதைவிட அரியது புத்தர் ஒருவர் உலகில் தோன்றுவது என்று அங்கே வருகிறது. அதன் பக்கத்திலேயே, இன்னும் பழைய பாலிச் சூத்திரங்களிலிருந்து வந்த இன்னொரு உவமையும் உண்டு. கடலில் ஒரு நுகத்தடி மிதக்கிறது. அதில் ஒரே ஒரு துளை. காற்று அதைக் கிழக்கும் மேற்குமாக அலைக்கழிக்கிறது. கடலின் அடியில் ஒரு குருட்டு ஆமை. நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் மேலே வரும். வரும்போது அதன் தலை சரியாக அந்தத் துளைக்குள் நுழைய வேண்டும். கீழான பிறவிகளில் விழுந்துவிட்ட உயிர் மறுபடி மனிதப் பிறவி எடுப்பது அதைவிட அரிது என்கிறார் புத்தர்.

இந்த நுகத்தடியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. இது எனக்குத் தெரிந்த நுகத்தடி.

சமணரிடமும் இதே உவமை உண்டு. அவர்கள் ஆமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கழியை வைத்தார்கள். ஒரு கடலில் நுகம், எதிர்க் கடலில் கழி. இரண்டும் அலையோடு அலைந்து வந்து, நுகத்தின் துளையில் அந்தக் கழி தானாகப் போய்ச் செருகிக்கொள்ள வேண்டும். சீவக சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் சீவகனுக்கு உபதேசம் செய்யும் முனிவர் இதைத்தான் சொல்கிறார். வடகடலில் நுகம், தென்கடலில் கழி. எத்தனையோ பிறவிகளுக்குத் தப்பி மானிடராய்ப் பிறப்பது அவ்வளவு அரிது. இதுவரை எல்லாம் துறவிகளின் பேச்சு. பிறவியின் அருமையைச் சொல்லி, அதை வீணாக்காதே, உலகத்தை விடு என்று சொல்வதற்காக அவர்கள் வைத்திருந்த உவமை.

இனித்தான் நம்மவர்கள் செய்தது. இறையனார் களவியலுக்கு எழுந்த உரையில் இதே வடகடல் நுகமும் தென்கடல் கழியும் வருகின்றன. எதற்கு உவமையாக? ஒரு மலைச்சாரலில், தோழிமார் விலகியிருந்த ஒரு கணத்தில், ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தற்செயலாக எதிர்ப்படுவதற்கு! திருக்கோவையாரில் ஆறாவது பாட்டும் இதுதான். மாணிக்கவாசகர் திசையை மட்டும் மாற்றிக்கொள்கிறார். கீழ்கடலில் கழி, மேல்கடலில் நுகம். அப்படிக் கோத்தது போல இவளைத் தோழியரிடமிருந்து பிரித்து என்னிடம் கொண்டுவந்து சேர்த்த விதியைத் தவிர வேறு எந்தத் தெய்வத்தையும் நான் வியக்க மாட்டேன் என்கிறான் தலைவன். உலகத்தை விடச் சொல்வதற்காகச் செய்த உவமையை எடுத்து, உலகத்தில் ஒருத்தியைக் கண்டதற்கு வைத்துவிட்டான். இதைவிடத் துணிச்சலான ஒரு களவு இலக்கியத்தில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குக் கோவையார் நடத்திய பேராசிரியர் இந்தப் பாட்டுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் செலவிட்டார். நகரத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் நுகத்தடியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. மாடு விலகாமலிருக்க அதன் கழுத்துக்கு வெளிப்பக்கம் செருகும் குச்சிதான் கழி, அது நுழைவதற்குத்தான் துளை என்று படம் போட்டுக் காட்டினார். வண்டிக்காரன் கையால் செருகினாலே சில நாள் முரண்டு பண்ணும் குச்சி அது, அலை செருகுமா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இத்தனை வருடம் என்னிடம் தங்கியிருக்கிறது. இன்-வூவின் கரும்பலகைக் கோட்டைப் பார்த்தபோது அவர் நினைவுதான் வந்தது.

கோ உன்-நிம்முக்குத் தமிழ் அகப்பாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே வேரிலிருந்து இரண்டு கிளைகள் போயிருக்கின்றன. இந்தியாவில் பிறந்த உவமைகள் ஒரு பக்கம் சீனம் வழியாகக் கொரியாவுக்குப் போயின. இன்னொரு பக்கம் தெற்கே நம்மிடம் வந்தன. இரண்டு இடத்திலும், துறவியின் கையிலிருந்து அதை வாங்கி மனிதர்கள் சந்திப்பதற்கு வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நம் தலைவனுக்கும் இன்-வூவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தலைவனுக்குக் கழி ஒரு முறை கோத்தால் போதும். இன்-வூவுக்கு இரண்டாம் முறையும் கோக்க வேண்டும். அதைவிடக் கடினமானது, கோத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

நாம் இந்தத் தொடரில் முன்பு பார்த்த 'மதுமதி'யிலும் (1958), ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'யிலும் (1963) இந்தச் சிக்கல் கிடையாது. மறுபிறவியிலும் அதே நடிகர், அதே நடிகை. முகத்தைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. வைஜயந்திமாலாவின் முகம் திரும்பக் கிடைப்பதற்காக எத்தனை பிறவி வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ஆனால் அங்கே அடையாளம் காண்பது கண்ணின் வேலை. கொரியப் படம் முகத்தை எடுத்துவிடுகிறது. வயதை எடுத்துவிடுகிறது. தே-ஹி பெண், ஹ்யோன்-பின் பையன். ஆக, பெண் என்பதையும் எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பதை வைத்து அவளைக் கண்டுபிடி பார்க்கலாம் என்று காதலிடம் கேட்கிறது.

மிச்சம் என்ன? கோப்பையை எடுக்கும்போது தானாக உயர்கிற சுண்டுவிரல். முன்பு தே-ஹி விளையாட்டாகக் கேட்ட ஒரு கேள்வியை, அதே கேள்வியை, ஒரு நாள் பாட நேரத்தில் கேட்கிற பையன். இவ்வளவுதான். மற்றவர்கள் கண்ணுக்கு இவை ஒன்றுமே இல்லை. இன்-வூவுக்கு ஒவ்வொன்றும் அடிவயிற்றில் விழுகிற அடி. லீ ப்யோங்-ஹுன் இந்தப் பகுதியில் நடித்திருப்பதுபோல அவர் பிறகு எந்தப் பெரிய படத்திலும் நடித்ததில்லை என்பது என் கருத்து. பயம், வெட்கம், தன்மேலேயே சந்தேகம், இத்தனைக்கும் அடியில் ஒரு சந்தோஷம். எல்லாம் ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன. பள்ளியில் பேச்சு கிளம்புகிறது. வேலை போகிறது, வீடு போகிறது. ஊசிமுனையில் கோதுமை மணி நிற்கும்போது ஊசிக்கு வலிக்கும் என்பதை வகுப்பில் அவன் சொல்லவில்லை.

தே-ஹியாக வரும் லீ உன்-ஜூ திரையில் இருப்பது படத்தின் முற்பகுதியில்தான். இருந்தாலும் மிச்சப் படம் முழுவதும் அவரைத்தான் தேடிக்கொண்டிருப்போம். படம் வந்தபோது அவருக்கு இருபது வயது. 2005 பிப்ரவரியில், இருபத்து நான்கு வயதில் மறைந்துவிட்டார். கொரியாவில் இந்தப் படத்தை இன்றும் பார்ப்பவர்கள் அந்த இழப்பையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

கடற்கரை நடனத்தைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அது தேயான் பகுதியில் உள்ள கல்அமி கடற்கரையில் எடுத்தது. அந்தி வெளிச்சத்தில் இருவரும் ஆடும் வால்ட்ஸ், ஷோஸ்டகோவிச் இசையமைத்தது. பலரும் அதை அவருடைய 'இரண்டாம் ஜாஸ் தொகுப்பு' என்று சொல்வார்கள். அது தவறு. 1938-இல் அவர் எழுதிய உண்மையான இரண்டாம் ஜாஸ் தொகுப்பு போர்க்காலத்தில் காணாமல் போய்விட்டது. 1988-இல் லண்டனில் ரோஸ்ட்ரபோவிச் வேறொரு தொகுப்பை நடத்தியபோது, அதற்குத் தொலைந்துபோனதன் பெயர் ஒட்டிக்கொண்டது. நிஜமானதன் பியானோ வடிவம் 1999-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. இந்த வால்ட்ஸ் அதற்கும் முன்னால், கஜகஸ்தானின் தரிசு நிலங்களை உழப்போன இளைஞர்களைப் பற்றிக் கலாதோசவ் எடுத்த ஒரு சோவியத் படத்தில் ஒலித்தது. பிறகு 1999-இல் குப்ரிக்கின் கடைசிப் படத்தில் வந்தது. அடுத்து கொரியக் கடற்கரை. உழவர்களிடமிருந்து காதலர்களிடம், அதுவும் செத்துப்போன இன்னொருவர் பெயரில். மறுபிறவிக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மெட்டு அமையாது.

இந்தப் படமும் ஒரு மறுபிறவி எடுத்தது. 2012-இல் சியோலில் மேடை இசை நாடகமாக வந்தது. இசை வில் ஆரன்சன், பாடல்கள் ஹ்யூ பார்க். இருவரும் சேர்ந்து செய்த முதல் நாடகம் அதுதான். அதே இருவர்தான் 'மேபி ஹேப்பி எண்டிங்' என்ற நாடகத்துக்காக 2025-இல் நியூயார்க்கில் டோனி விருது வாங்கினார்கள்.

இடம் தீர்ந்துவிட்டது. சொல்ல வேண்டிய இரண்டு பெரிய விஷயங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்று, ஆண் ஆணை நேசிப்பதைப் பற்றி இந்தப் படம் நேர்மையாகப் பேசுகிறதா, மறுபிறவியைச் சொல்லி நழுவிவிடுகிறதா என்பது. மருத்துவரிடம் இன்-வூ போகும் காட்சியை வைத்து இதை விரிவாகப் பேச வேண்டும். பாதித் தூரம் தைரியமாக நடந்து அங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் இப்போதைக்கு என் தீர்ப்பு. காரணங்களை அடுத்த வாரம் வைக்கிறேன். இன்னொன்று நியூசிலாந்து, அந்தப் பள்ளத்தாக்கின் மேல் இருவரும் நிற்கிற நிமிடங்கள். அந்த முடிவில் எனக்குக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு.

முடிவை மறைத்துவைத்துக்கொண்டு அந்த மறுப்பை எழுத முடியாது. ஆகவே இன்னும் படத்தைப் பார்க்காதவர்கள் அடுத்த இதழ் வருவதற்குள் பார்த்துவிடுங்கள்.