அரிக்கமேட்டுக்கு வந்த மீன்சாறு

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா ஜாடி ஓடுகளில் பெரும்பாலானவை திராட்சை மது கொண்டுவந்தவை. ஆனால் சில ஓடுகளின் வடிவத்தையும் களிமண்ணையும் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவை ஸ்பெயினிலிருந்து மீன்சாறு ஏற்றி வந்த ஜாடிகள் என்று அடையாளம் கண்டார். ‘காரும்’ என்ற அந்தச் சாறு இல்லாமல் ரோமானியருக்குச் சாப்பாடு இறங்காது.

அது தயாரான இடங்களில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். ஜிப்ரால்டர் நீரிணைக் கரையில், தாரிஃபாவுக்கு அருகே உள்ள பெய்லோ கிளாவ்டியா. வசந்தகாலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு முட்டையிடச் செல்லும் சூரை மீன்களை மறித்துப் பிடித்து வாழ்ந்த ஊர். கடலோரமாகவே தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. சுண்ணாம்போடு இடித்த பானை ஓட்டைக் கலந்து, நீர் கசியாதபடி உள்ளே பூசியிருக்கிறார்கள். மூலைகளில் கசடு தங்காமல் கழுவ வசதியாக அவற்றை வளைத்து மழுக்கியிருக்கிறார்கள். எத்தனை தலைமுறை அனுபவம் அந்தப் பூச்சில் இருக்கிறது!

சதையை உப்பிட்டு வைப்பார்கள். குடலையும் சிறு மீன்களையும் உப்போடு சேர்த்து வெயிலில் மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். மீனை அழுகவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. குடலில் உள்ள நொதிகள் புரதத்தைக் கரைக்கும், உப்பு அழுகவைக்கும் பாக்டீரியாவைத் தடுக்கும். பழவேற்காட்டில் கருவாடு போடுகிறவர்கள் நம்புவதும் இதே உப்பையும் வெயிலையும்தான். அங்கே மீன் காய்கிறது, இங்கே கரைகிறது.

கரையாமல் மிஞ்சுவது முள். வடமேற்கு ஸ்பெயினின் ஆட்ரோ வெல்யோவில் இதே போன்ற ஒரு தொட்டியின் அடியில் கிடந்த முள் துணுக்குகளிலிருந்து மரபணுவைப் பிரித்து, அவை ஐரோப்பிய மத்தி என்று 2025இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். நசுங்கி, உப்பில் ஊறிய முள்ளில் மரபணு தப்பியிருந்ததே பெரிய விஷயம்.

அரிக்கமேட்டிலும் தொட்டிகள் உண்டு. 1945இல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், மஸ்லின் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகளாக இருக்கலாம் என்றார். செங்கல் தொட்டி, வடிகால் இவற்றின் அமைப்பைக் கொண்டு செய்த ஊகம் அது. எனக்கு அது போதாது. தொட்டியில் என்ன ஊறியது என்பதற்கு அதன் அடியில் படிந்த கசடுதான் சாட்சி. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் மரபணு சீக்கிரம் சிதையும் என்பது உண்மை. ஆனாலும் இனி நம் கடற்கரையில் எங்கே ஒரு தொட்டி வெளிப்பட்டாலும், அதைக் கழுவிப் படம் எடுப்பதற்கு முன் அடிமண்ணில் ஒரு பிடி சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும்.