பிள்ளைகளின் அரசியல் கருத்து எப்படி உருவாகிறது?

தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு ஒன்று கிடைத்துவிடும். குச்சியில் காகிதக் கொடி கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி வண்டியில் கேட்ட முழக்கத்தை அப்படியே சொல்லிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார்கள். "உங்கள் வீட்டு ஓட்டு எதற்கு?" என்று கேட்டால் தயங்காமல் ஒரு சின்னத்தைச் சொல்வார்கள். "அப்பா கட்சிதான் பிள்ளைக்கும் கட்சி" என்று பெரியவர்கள் நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அது பாதி உண்மை. மறு பாதி என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

வீடு தருவது என்ன?

1965-ல் அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் தனித்தனியே கேள்விகள் கேட்கப்பட்டன. ஜென்னிங்ஸ், நீமி என்ற அறிஞர்கள் இரு தரப்பு விடைகளையும் ஒப்பிட்டார்கள். கட்சிப் பற்றில் பெற்றோரும் பிள்ளைகளும் குறிப்பிடத்தக்க அளவு ஒத்திருந்தார்கள். நாட்டுப் பிரச்சினைகளைப் பற்றிய கருத்துகளிலோ ஒற்றுமை மிகவும் குறைவாக இருந்தது. அதாவது, கட்சியின் பெயர் வீட்டிலிருந்து வருகிறது; கருத்துகள் எல்லாம் அங்கிருந்தே வருவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை உணர நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. 2008-ல் நடந்த தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி மறைந்தது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குள் பிரிந்து போயின. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தன, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், விராலிமலை கரூரில், அறந்தாங்கி இராமநாதபுரத்தில்.

2024 மக்களவைத் தேர்தலில் இந்த நான்கிலும் இரட்டை இலை போட்டியிட்டது. உதயசூரியனோ ஒன்றிலும் இல்லை; அந்தக் கூட்டணிக்குத் திருச்சியில் தீப்பெட்டி, கரூரிலும் சிவகங்கையிலும் கை, இராமநாதபுரத்தில் ஏணி. "நம் சின்னம் எங்கே போயிற்று?" என்று ஒரு சிறுவன் கேட்டிருந்தால், அது சாதாரணக் கேள்வி அல்ல. சின்னம் வேறு, கட்சி வேறு, கூட்டணி வேறு, கொள்கை வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்கு அதுவே முதற்படி.

வயதும் சிந்தனையும்

1960களில் ஜோசப் ஏடல்சன் என்ற உளவியலார் 11 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஆயிரம் பேர் பசிபிக் கடலிலுள்ள ஒரு தீவில் குடியேறுகிறார்கள். அவர்களுக்குச் சட்டம் எதற்கு? அரசாங்கம் எதற்கு? இளையவர்களுக்குச் சட்டம் என்றால் தப்பு செய்பவரைத் தண்டிப்பது. 15 வயதை நெருங்கியவர்களோ பிறர் உரிமை, பொதுநலன், வருங்கால விளைவு ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தார்கள்.

ஆயினும் இளைய பிள்ளைகளுக்கு அரசியலே எட்டாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கண்ணால் கண்டதிலிருந்து அவர்கள் தொடங்குகிறார்கள். 2022 டிசம்பரில் இம்மாவட்டத்து வேங்கைவயலில் பிள்ளைகள் நோயுற்றார்கள். அதையடுத்து, பட்டியல் சமூக மக்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. "என் குடிநீருக்கு யார் பொறுப்பு?" என்று கேட்க ஒரு குழந்தைக்குக் கட்சியும் வேண்டாம், 18 வயதும் வேண்டாம்.

தேர்தல் காலம் ஏன் முக்கியம்?

1980-ல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது விஸ்கான்சின் மாநிலத்தில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் ஓராண்டுக் காலத்தில் மூன்று முறை கருத்துக் கேட்டார்கள். வேட்பாளர்களையும் கட்சிகளையும் பற்றிய அவர்கள் எண்ணம் பிரசார காலத்தில்தான் உறுதிப்பட்டது. பிரசாரம் தொடாத விஷயங்களில் அத்தகைய மாறுதல் இல்லை. செடிக்கு மழைக்காலம் எப்படியோ, அப்படித்தான் கருத்துக்குத் தேர்தல் காலம்.

தமிழ்நாடும் இதைக் கண்டிருக்கிறது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் இறங்கினார்கள். அன்று வாக்களிக்கும் வயது 21. அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. ஆனால் 1967 தேர்தலில் அவர்கள் ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராசரை வென்றார். வாக்கு வயது 18 ஆகக் குறைந்தது 1989-ல்தான்.

கூட்டத்தின் குரல்

தானே சிந்தித்த கருத்தையும் கூட்டம் சொன்னதால் சொல்லும் கருத்தையும் எப்படிப் பிரித்தறிவது? 1950களில் சாலமன் ஆஷ் கல்லூரி மாணவர்களிடம் எளிய சோதனை ஒன்று நடத்தினார். காட்டப்படும் ஒரு கோட்டுக்கு மூன்று கோடுகளில் எது சமம் என்று சொல்ல வேண்டும். முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் எல்லாரும் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அப்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தைப் பின்பற்றித் தவறாயின. வேறு ஒருவரேனும் சரியான விடையைச் சொன்னபோதும், விடையைத் தனியே எழுதச் செய்தபோதும் இத்தவறு வெகுவாகக் குறைந்தது. இரகசிய வாக்கெடுப்பின் அருமை இதிலிருந்து புரிகிறதல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் கட்சியோ வேட்பாளரோ இல்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஊராட்சிப் பணம் முதலில் எதற்கு? கண்மாய் தூர் வாரவா, நூலகத்துக்கா, தெருவிளக்குக்கா?" என்பதுபோல் இருக்கட்டும். முதலில் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். பிறகு பெயர் எழுதாத சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்து ஒவ்வொரு தரப்புக்கும் ஐந்து நிமிடம் பேச இடம் கொடுத்து, மீண்டும் சீட்டு வாங்குங்கள். மூன்று கணக்குகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் ஏன் என்று பேசுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். பிள்ளைகளைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் கண்டிப்பாக உத்தரவிட்டது. பிள்ளையின் கையில் கொடியைக் கொடுப்பது வேறு. அதன் கேள்விக்குப் பதில் சொல்வது வேறு. "உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று கேளுங்கள். உங்கள் கருத்தையும் அதன் காரணத்தையும் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து உடையவரின் காரணத்தையும் சொல்லுங்கள். 18 வயதில் விரலில் மை வைத்துக்கொள்ளப்போகிறவர், அதற்கான யோசனையை 10 வயதிலேயே தொடங்கிவிடுகிறார்.