காடாகிப் போன மலையில் புல் வளர்த்தோம்

தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது செடியாக நிற்காது, மரமாகிவிடும். இடுப்பளவில் மட்டமாக இருந்த மலை ஐந்தாறு வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். இடையில் நாயுண்ணியும் பெரணியும் கொடிகளும் ஏறி, உள்ளே கால் வைக்க முடியாத காடாகிவிடும். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் இப்படிப்பட்ட மலைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கொழுந்து குறைந்ததால் கைவிட்டவை சில, ஆள் போதாமல் விட்டவை சில. 2015இல் கிளைபோசேற் களைநாசினி தடை செய்யப்பட்டு, தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் 2018இல் திரும்ப அனுமதி கிடைத்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் இன்னும் சில மலைகள் கைவிட்டுப் போயின.

அப்படிப்பட்ட மலையொன்றில் அரை ஏக்கரை எங்கள் லயத்துப் பெண்கள் மூவர் சேர்ந்து புல்நிலமாக்கினோம். வேலை 2021ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கியது. பால்மா வாங்கக் கடை வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. வீட்டில் மாடு கட்டியிருந்த நாங்களும் வரிசையில்தான் நின்றோம், ஏனென்றால் மாட்டுக்குப் புல் இல்லை. றோட்டோரத்தில் சுரண்டிய புல்லைத் தின்று மாடு நாலு லீற்றர் கறந்தால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கவே அது காணும். பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

என் கதையை நீட்ட விரும்பவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் மலையை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அங்கேயும் எல்லாம் இழந்து 2010இல் நான் திரும்பி வந்தேன். வன்னியில் காடு வெட்டிக் காணியாக்கிய கை என்பதால்தான் இந்த மலையைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. மற்ற இருவரும் முதலில் சிரித்தார்கள்.

நிலம் யாருடையது?

வெட்டுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கைமாறிய எந்தத் தடவையிலும் தொழிலாளிக்குக் காணி வரவில்லை. பிற்காலத்தில் தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் என்று பேசப்பட்டது. ஒரு ஏக்கர் 160 பேர்ச். நாங்கள் துப்புரவு செய்த அரை ஏக்கர் 80 பேர்ச். அது எங்கள் பெயரில் இல்லை, இன்றும் இல்லை.

எனவே வாய்ப் பேச்சை நம்பவில்லை. துரையிடம் நேரில் கேட்டோம். "செய்யுங்கம்மா, யார் வேண்டாமென்றது" என்றார். அதை எழுதித் தரச் சொன்னோம். ஒபிஸுக்கு ஐந்து தடவை நடந்த பிறகு கடிதம் வந்தது. மரம் நடத் தேவைப்பட்டால் நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி பிறகு எங்களைப் படுத்திய பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

வெட்டிய விதம்

மழை விட்ட ஜனவரியில் தொடங்குவதே நல்லது. முதல் நாள் கத்தியை எடுக்கவே கூடாது. ஓரமாக நின்று குளவி போகும் வழியைப் பார்க்க வேண்டும். கொழுந்து மலையிலேயே குளவி கொட்டி உயிர் போயிருக்கிறது, கைவிட்ட மலையில் கூடு இருக்கும் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் துண்டில் ஒரு பெரிய கூடு இருந்தது. அந்த மூலையை அப்படியே விட்டோம். இன்றும் அது காடாகத்தான் கிடக்கிறது.

நெருப்பு வைக்கச் சொன்னவர்கள் உண்டு. ஒரே நாளில் வேலை முடியும்தான். ஆனால் சரிவில் எரித்த மண் அடுத்த மழையில் கீழே போய்விடும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அங்கே நடந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். இருந்தாலும் லயத்துக்கு மேலே உள்ள சரிவில் கை வைப்பவர் பயந்து பயந்து செய்வதே சரி. நாங்கள் பன்னிரண்டு அடி அகலத்தில் குறுக்குப் பட்டிகளாக வெட்டினோம். ஒரு பட்டியை வெட்டி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை வெட்டினோம். வெட்டிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்காக வரிசையாகப் போட்டோம், மண் அதில் தங்கியது. முதல் பட்டிகளில் புல் வேர் பிடித்த பிறகே மற்றவற்றை வெட்டினோம். பழைய கான்களைத் தேடிப் பிடித்து மண் அள்ளிவிட்டோம். பாட்டன்மார் வெட்டிய கான்கள் அவை. இத்தனை வருடம் கழித்தும் தண்ணீர் சரியாகவே ஓடுகிறது. தேயிலைத் தூர்களைப் பிடுங்கவில்லை, நிலமட்டத்தில் அறுத்தோம். துளிர்க்கத் துளிர்க்க ஒடித்தால் ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கிவிடும். தடிகள் மூன்று வீட்டு அடுப்புக்கும் எட்டு மாதம் விறகாயின.

நாயுண்ணியை மட்டும் வேரோடு எடுக்க வேண்டும், அறுத்தால் போதாது. அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் பழுதாகி மஞ்சள் காமாலை வரும், வெயிலில் நின்றால் தோல் புண்ணாகும். பெரணியைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரில் இரத்தம் போகும். நல்ல புல் இருந்தால் மாடு இவற்றைத் தொடாது, பசித்த மாடுதான் தின்னும். ஆகையால் புல் வளரும் வரை மாட்டை அந்தப் பக்கம் விடவே இல்லை. மருந்தடித்த மலையில் புல் அறுப்பதும் அப்படித்தான் ஆபத்து. எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுவிட்டு அறுங்கள்.

எந்தப் புல்?

எல்லோரும் கோ-3 என்பார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நேப்பியர் கலப்புப் புல் அது. பெயரில் உள்ள 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கும். பதத்தில் நல்ல புல்தான், ஆனால் அதற்குச் சூடு வேண்டும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1,800க்கும் மேலே. எங்கள் குளிரில் கோ-3 சோம்பித்தான் வளர்ந்தது.

கைகொடுத்தது குவாத்தமாலாப் புல். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது பழைய பழக்கம். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நடுமுன் மண் தேற வேண்டுமென்று ஒன்றரை இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலாவோ போட்டு வைப்பார்கள். மானா வாசனைப்புல், முற்றினால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். குவாத்தமாலாவை மாடு தின்னும். அடுத்த டிவிசனில் அப்படிப் போட்டிருந்த புல்லிலிருந்து கேட்டுத் தண்டு வாங்கினோம். மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, இரண்டடி இடைவெளியில், சாய்த்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டோம். ஏப்ரல் மழைக்கு முன் நட்டதால் ஊற்றத் தண்ணீர் தேடவில்லை. ஓரங்களில் முள்முருக்குக் கம்பு ஊன்றினோம், அதன் இலை மாட்டுக்குச் சத்து. கீழே பீலிக்கரைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமதரை இருந்தது. அங்கே கிகியு புல் தானாகவே படர்ந்தது. ஆபிரிக்க மலைநாட்டுப் புல், குளிரில் செழிக்கும். மாட்டைக் கட்டி மேய்ப்பது அந்தச் சமதரையில் மட்டுமே. சரிவில் விட்டால் குளம்படி பட்ட வழியெல்லாம் நீரோடையாகிவிடும். மேலே வெட்டித்தான் கொடுக்கிறோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுத் தொடங்கியவர்கள் பிறகு ஏமாந்ததாகச் சொல்லக் கூடாது. மாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் ஒரு நாளுக்கு வேண்டும். 350 கிலோ ஜேர்சிக் கலப்பு மாட்டுக்கு 35 கிலோ. எங்கள் அரை ஏக்கர் ஒன்றரை மாட்டுக்குத்தான் காணுகிறது, மாடுகளோ நான்கு. பனி விழும் ஜனவரி, பெப்ரவரியில் புல் அசையாது. மீதிப் புல்லுக்கு இன்னும் றோட்டோரம்தான். என்றாலும் இரண்டு மணித்தியால அலைச்சல் முக்கால் மணித்தியாலமாகியிருக்கிறது, என் மாடு ஏழு லீற்றர் வரை கறக்கிறது. சாணம் திரும்பவும் அந்தப் பட்டிகளுக்கே போகிறது. கன்றை இரவில் கொட்டிலுக்குள் அடைக்காமல் இருக்க முடியாது. சிறுத்தை லயத்து வாசல் வரை வரும்.

பால் கொப்பி மூன்றும் பெண்களின் பெயரிலேயே இருக்கின்றன. இதற்கு ஒரு வீட்டில் சண்டையே நடந்தது. புல் அறுப்பவள், கறப்பவள், காலையில் வாளி தூக்கிப் போகிறவள் எல்லாம் ஒருத்தியாக இருக்க, காசு வாங்கக் கையெழுத்து வைப்பது இன்னொருவரா? நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கடிதம்

மூன்றாம் வருடம், புல் நன்றாக நிற்கும்போது, நிலத்தில் டர்பன்டைன் மரம் நடப்போவதாக ஒபிஸிலிருந்து ஆள் வந்தது. காடாகக் கிடந்தவரை அது யாருக்கும் தேவைப்படவில்லை. கடிதத்தின் அந்த வரியைக் காட்டினார்கள். நாங்களும் அதே கடிதத்தைத்தான் காட்டினோம். துப்புரவு செய்ய அனுமதித்த திகதியும் கையெழுத்தும் அதில் இருந்தன. கான் அள்ளிய வேலையையும் மண் தங்கியிருப்பதையும் துரை வந்து பார்க்க வேண்டுமென்று கேட்டோம். வந்தார். மேலே இரண்டு பட்டிகளில் மரம், மீதியில் புல் என்று இப்போதைக்கு முடிந்திருக்கிறது. இந்தத் தடவை இரண்டு வருடத்துக்கு எழுதி வாங்கினோம். முடியும்போது திரும்பவும் நடக்க வேண்டும். கடிதம் இல்லாமல் வெட்டிய பக்கத்து லயத்துக்காரர்களுக்கு அந்த இரண்டு வருடமும் கிடைக்கவில்லை.

வன்னியில் உள்ள சகோதரிகள் இதைப் படித்துவிட்டுப் பற்றைக் காணிக்குள் இறங்குமுன் ஒன்று. அங்கே குளவிக்கு முன் மிதிவெடியைப் பார்க்க வேண்டும். அகற்றி முடிந்த இடமா என்று கிராம சேவையாளரிடம் கேளுங்கள். சிவப்பு அடையாளப் பலகை விழுந்து கிடந்தாலும் அதைப் பலகையாகவே எண்ணுங்கள். கண்டறியாத இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்புங்கள். குவாத்தமாலா உங்கள் வெயிலுக்கு வேண்டாம், கோ-3 அங்கே நன்றாக வரும். கிளிநொச்சியில் இருக்கும் என் சின்னம்மாவின் மகளுக்கு எங்களிடம் சோம்பி நின்ற கோ-3 தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் அனுப்பினேன். அவள் வீட்டுக் கிணற்றடியில் அது என் உயரத்துக்கு மேல் நிற்கிறதாம்.