பலகைக்குப் பின்னால் ஈரம்

டொராண்டோவின் பழைய வீடுகளில் பேஸ்மென்ட் என்பது குளிரின் கட்டாயத்தால் வந்த அறை. அங்கே குளிர்காலத்தில் மண் உறைந்து பருத்து, மேலே நிற்பதைத் தூக்கும். அதனால் ஏறத்தாழ 1.2 மீட்டருக்குக் கீழேதான் அஸ்திவாரம் உட்கார முடியும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி, நிலக்கரியும் கணப்பு அடுப்பும் வைக்க இடம் எடுத்துக்கொண்டார்கள். ஆள் படுத்துறங்க அதை யாரும் கட்டவில்லை. சுவர் கருங்கல்லாகவோ செங்கல்லாகவோ இருக்கும். 1950, 60களில் நகரின் கிழக்கே ஸ்கார்பரோவில் எழுந்த பங்களாக்களில் பெரும்பாலும் உள்ளே பொள்ளலான கான்கிரீட் பிளாக். வெளிப்புறத்தில் பூசிய தார்தான் ஒரே காப்பு. நாளடைவில் அது காய்ந்து வெடித்துவிடும்.

உள்ளே கசியும் நீரில் பெரும்பங்கு அந்த வீட்டுக் கூரையில் விழுந்ததே. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் சேரும். கூரையோரப் பீலி இலைதழையால் அடைபட்டிருந்தாலோ, இறங்குகுழாய் சுவரடியிலேயே முடிந்தாலோ, அத்தனையும் சுவரை ஒட்டி மண்ணுக்குள் இறங்கும். அந்த மண்ணும் அதற்குத் தோதானது. வீடு கட்டும்போது தோண்டி, திரும்பக் கொட்டி நிரப்பிய பொலபொலத்த மண் அது. ஆண்டுகள் போகப்போக அமுங்கி, முற்றமே வீட்டை நோக்கிச் சாய்ந்துவிடும். சுற்றிலும் இறுகிய களிமண் இருந்தால் நீருக்குப் போக்கிடம் இல்லை. ஒரு மீட்டர் உயரத்துக்குத் தேங்கினால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் ஏறும். விரிசல், உதிர்ந்த சாந்து, சுவரும் தரையும் சேரும் மூலை, எது கிடைத்தாலும் நீர் அதன் வழியே வரும். பிளாக் சுவர் என்றால் பொள்ளலுக்குள் நிரம்பி, நுழைந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வெளிப்படும்.

இந்த நீரை வாங்கிக்கொள்ள அஸ்திவாரத்தின் காலடியில் ‘வீப்பிங் டைல்’ பதித்தார்கள். சுமார் ஓரடி நீளச் சுட்ட மண் குழாய்த் துண்டுகளை, இணைப்பைப் பூசாமல் இடுக்கு விட்டு வரிசையாக வைப்பது வழக்கம். அந்த இடுக்குகளில் வண்டலும் மரவேரும் புகுந்து அடைத்துவிடுகின்றன. மிகப் பழைய வீடுகளில் இந்தக் குழாயே இல்லை. இருக்கும் இடங்களிலும் பலவற்றில் அது தெருச் சாக்கடையோடுதான் சேர்கிறது. பழைய நகர்ப்பகுதிகளில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். 2013 ஜூலை 8இல் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட மாலைகளில் சாக்கடை நிரம்பி, கழிவு பேஸ்மென்ட்டின் தரைவடிகால் வழியே மேலே பொங்குகிறது.

கோடையில் சுவர் நனைவதெல்லாம் கசிவும் அல்ல. வெளியிலிருந்து வரும் வெக்கைக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பதும் உண்டு. சுவரில் ஒரு சாண் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டால் தெரிந்துவிடும். தாளின் அறைப் பக்கம் நனைந்தால் வியர்வை, சுவர்ப் பக்கம் நனைந்தால் கசிவு. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நீர் நெடுநாளாக வந்துபோகிறது என்று பொருள்.

வேலை வெளியிலிருந்து தொடங்க வேண்டும், மலிவானதிலிருந்தும். பீலியைத் துப்புரவாக்கி, இறங்குகுழாயைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நீட்டி, அந்த இரண்டு மீட்டருக்குள் பத்து சென்டிமீட்டர் இறங்கும்படி மண்ணைச் சரித்தாலே பல வீடுகள் காய்ந்துவிடும். சாக்கடை எதிர்த்து வராமலிருக்க பேக்வாட்டர் வால்வு. கான்கிரீட் சுவரில் ஒற்றை விரிசல் என்றால் பாலியூரித்தேனை உள்ளே செலுத்தி அடைப்பது. இவையும் போதாதபோதுதான் சுவரோரம் தோண்டி, பழைய குழாயை மாற்றி, நீர்காப்புத் தாள் ஒட்டுவது. செலவு அதிகம், ஆனால் சுவர் காய்வது இதில்தான். உள்ளே தரையை வெட்டி வடிகாலும் சம்ப் பம்பும் போட்டாலே போதும் என்பாரும் உண்டு. அது வந்த நீரை வெளியேற்றும். சுவர் நனைந்தபடியே இருக்கும். புயலில் மின்சாரம் போனால், மாற்று பேட்டரி இல்லாத பம்பும் நின்றுவிடும்.

கசிவைவிடக் கேடானது அதை மூடி மறைப்பது. ஈரச் சுவருக்கு முன்னால் மரச்சட்டம் அடித்து, பஞ்சு திணித்து, பிளாஸ்டிக் விரித்து, டிரைவால் பலகை பொருத்தி, வெள்ளையடித்து வாடகைக்கு விடுகிறார்கள். பலகையின் காகிதமே பூஞ்சைக்குத் தீனி. நனைந்தது ஓரிரு நாளில் காயாவிட்டால் அது பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் முன்னால் மூக்குக்குத் தெரியும்; ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதற்கும் முன்னால் மூச்சில் தெரியும். வந்திறங்கிய ஈழத்தமிழர் பலருக்கு முதல் கனேடிய முகவரி இப்படியொரு பேஸ்மென்ட்தான். இன்று அதே வீடுகளை வாங்கி, புதிதாக வரும் மாணவர்களுக்குக் கீழ்த்தளத்தை விடுகிறவர்களிலும் தமிழர் உண்டு. அவர்களுக்கு அந்தச் சுவரின் மணம் தெரியாததல்ல.

உயிர் போவதும் உண்டு. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மிச்சம் நியூயார்க்கில் ஒரே மணிநேரத்தில் எண்பது மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. அந்நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்ட் குடியிருப்புகளில் இருந்தவர்கள்.

வாடகைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியவை சில. ஜன்னல் ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு இருக்கிறதா, வெளியிலிருந்து கம்பி போட்டிருக்கிறதா? தரைவடிகால் எங்கே, அதன்மேல் கம்பளம் விரித்திருக்கிறதா? சுவரடிச் சட்டத்தில் கறையோ உப்பலோ உண்டா? தரையில் நீர் ஏறி மின் பிளக்கை நெருங்கினால் சாமான்களை எடுக்க இறங்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைக்கவும் நீருக்குள் போகக் கூடாது. மேலே ஏறி, மின்வாரியத்தைக் கூப்பிட்டு, இணைப்பைத் தெருவிலேயே துண்டிக்கச் சொல்ல வேண்டும்.