சாம்பல் கிண்ணத்திலிருந்து சம்பளச் சீட்டுக்கு

அமெரிக்காவில் நியூ ஜெர்சி பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தில் டோனா ஷிம்ப் செயலராக இருந்தார். பக்கத்து மேசைகளில் நாள் முழுக்கப் புகைப்பார்கள். அவருக்கோ புகை ஆகாது. கண்ணில் புண் வந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தலைவலியும் வாந்தியும் வாடிக்கையாயின. முறையிட்டபோது புகையை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை நிர்வாகம் மாட்டிக் கொடுத்தது. குளிர்காற்று அடிக்கிறது என்று மற்றவர்கள் சொல்லவே அதுவும் தொடர்ந்து ஓடவில்லை. வேறு வழியில்லாமல் நீதிமன்றத்துக்குப் போனார். 1976 டிசம்பரில் நீதிபதி பிலிப் குருச்சியோ அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். புகைப்பவர்கள் சாப்பாட்டு அறைக்குப் போய்ப் புகைக்கட்டும், வேலை செய்யும் இடத்தில் கூடாது என்றார். வழக்கின் உயிரான விஷயம் ஒன்று உண்டு. அதே நிறுவனம் தன் தொலைபேசி இணைப்புக் கருவிகள் இருந்த இடத்தில் ஏற்கெனவே புகைக்கத் தடை போட்டிருந்தது. கருவி நுட்பமானது, புகை பட்டால் கெட்டுவிடும். கருவிக்குக் காட்டும் அக்கறையை ஊழியருக்கும் காட்ட வேண்டாமா என்று நீதிபதி கேட்டார்.

இன்று படிக்கும்போது இது சாதாரண நியாயமாகத் தெரியும். அன்றைக்கு அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயின் சாப்பாட்டுப் பொட்டலத்திலேயே சிகரெட் இருந்தது; ராணுவ உணவுப் பொட்டலத்திலிருந்து அது நீங்கியது 1975இல்தான். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அலுவலகத்துக்கும் ஆலைக்கும் அந்தப் பழக்கத்தோடுதான் போனார்கள். அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1964 ஜனவரியில் அறிக்கையாக வெளியிட்டபோது, அந்நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 42 பேர் புகைத்தார்கள். ஆண்களில் பாதிக்கு மேல். மேலாளர் மேசையிலும் தட்டச்சர் மேசையிலும் ஆலோசனைக் கூடத்திலும் சாம்பல் கிண்ணம் இருக்கும். புகை பிடிக்காதவர்தான் ஜன்னல் ஓரமாக இடம் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த அறிக்கையாலும் அலுவலகம் மாறிவிடவில்லை. புகைப்பவன் உடம்பு, அவன் பாடு என்று விட்டுவிட முடிந்தது. நிலைமையை மாற்றியது அடுத்தவர் மூச்சு. புகைக்காதவருக்கும் அந்தப் புகையால் புற்றுநோய் வருகிறது என்று 1986இல் இன்னொரு தலைமை மருத்துவர் எவரெட் கூப் அறிக்கை தந்தார். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அடுத்தவர் புகையை 1993இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. நிறுவனங்களுக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஷிம்ப் மாதிரி ஊழியர் ஒவ்வொருவரும் வழக்குப் போட்டால் என்ன ஆவது? கலிஃபோர்னியா 1995இல் பெரும்பாலான பணியிடங்களில் புகையைத் தடைசெய்தது, 1998இல் மதுக்கூடங்களையும் சேர்த்தது. நியூயார்க் நகரம் 2003இல் அதே வழியில் வந்தது.

விமானத்தைப் பயணிகளின் இடமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். பணிப்பெண்ணுக்கு அது அலுவலகம். ஜன்னலைத் திறக்க முடியாது, எழுந்து வெளியே போகவும் முடியாது. 'புகைக்கும் பகுதி' என்று பின்வரிசைகளை ஒதுக்கியதெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உதவும். தட்டு ஏந்தி நடப்பவருக்கு இரண்டு பகுதியும் ஒன்றுதான். புகையே தொடாத விமானப் பணிப்பெண்களில் சிலர் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானார்கள். 1991இல் சிகரெட் நிறுவனங்கள் மீது அவர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 1997இல் 30 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. பணம் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் போனது, அவர்கள் கைக்கு அதில் ஒன்றும் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட உள்நாட்டுப் பயணங்களில் 1988இல் தொடங்கிய தடை 1990இல் ஏறக்குறைய எல்லா உள்நாட்டுப் பயணங்களுக்கும் விரிந்தது. வெளிநாட்டு விமானங்களுக்கு வர 2000 ஆனது.

இந்தத் தடைகளை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். சொல்லப்போனால் இன்னும் போதவில்லை. ஷிம்ப் வென்ற அதே நியூ ஜெர்சி 2006இல் பணியிடப் புகைத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது சூதாட்ட விடுதிகளின் ஆட்டத் தளத்துக்கு விலக்கு அளித்தது. அட்லாண்டிக் சிட்டியில் சீட்டுப் போடும் ஊழியரின் முகத்துக்கு நேரே வாடிக்கையாளர் புகை விடுகிறார். ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது, மேசையை விட்டு நகரவும் முடியாது. அவர்களின் தொழிற்சங்கம் 2024இல் இந்த விலக்கை எதிர்த்து வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, மேல்முறையீட்டுக்குப் போனார்கள். மூச்சைக் காப்பாற்றும் வேலை இப்படிப் பாதியில் நிற்கும்போதே வேறொரு வேலையை நிறுவனங்கள் மும்முரமாகத் தொடங்கிவிட்டன. அது புகைப்பவரின் சம்பளத்தில் கை வைப்பது.

இதற்கும் ஒரு பழைய வேர் உண்டு. 1914இல் ஹென்றி ஃபோர்டு சிகரெட்டை எதிர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்காகத் தாமஸ் எடிசன் எழுதிக்கொடுத்த கடிதத்தில், சிகரெட் பிடிக்கும் யாரையும் தாம் வேலைக்கு வைப்பதில்லை என்று முடித்திருந்தார். அன்றைய பேச்சு காற்றைப் பற்றியதல்ல, ஆளின் தரத்தைப் பற்றியது. சிகரெட் பிடிப்பவன் மூளை கெட்டவன், நம்பத் தகாதவன் என்பது அவர்கள் எண்ணம். ஃபோர்டு நிறுவனம் அந்தக் காலத்திலேயே தன் தொழிலாளிகளின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, குடிக்கிறார்களா, சேமிக்கிறார்களா என்று விசாரித்தது.

ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அந்தப் பார்வை மருத்துவச் செலவுக் கணக்கின் வடிவில் திரும்பி வந்தது. மிச்சிகனில் வெய்கோ என்ற நிறுவனம் 2005 தொடக்கத்தில் ஊழியர்களுக்கு நிகோடின் சோதனை வைத்தது. சோதனைக்கு மறுத்த நான்கு பேர் வேலை இழந்தார்கள். அவர்கள் அலுவலகத்தில் புகைத்தார்கள் என்று யாரும் குற்றம் சொல்லவில்லை. வீட்டுத் திண்ணையில் புகைத்தாலும் வேலை போகும் என்பதே விதி. பிறகு அந்தச் சோதனை ஊழியரின் கணவன், மனைவிக்கும் நீண்டது. கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனை 2007 முதல் புகைப்பவர்களை வேலைக்கு எடுப்பதை நிறுத்தியது. இந்தச் சோதனை பார்ப்பது நிகோடினின் தடயத்தை. புகையை விட்டொழிக்க நிகோடின் பட்டையோ மிட்டாயோ பயன்படுத்துகிறவரையும் அது பிடித்துவிடும். பணி நேரத்துக்கு வெளியே புகைப்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் சட்டம் உண்டு. அதனால் வேலை மறுப்பதைவிடப் பணம் பிடிப்பதே நிறுவனங்களுக்குச் சுலபமான வழியாயிற்று.

அங்கே மருத்துவக் காப்பீடு பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலாளி வழியாகத்தான் வருகிறது. பிரீமியத்தில் ஊழியரின் பங்கைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஊழியரின் உடல்நலத்தைக் காட்டி இந்தப் பங்கைக் கூட்டவோ குறைக்கவோ ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2010இல் நிறைவேறிய ஒபாமா காலக் காப்பீட்டுச் சட்டப்படி, 2014 முதல் மற்ற விஷயங்களுக்கு மொத்தப் பிரீமியத்தில் 30 விழுக்காடு, புகையிலைக்கு மட்டும் 50 விழுக்காடு. 2024இல் தனி நபர் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 8,951 டாலர். அதில் பாதி என்றால் 4,400 டாலருக்கு மேல். எல்லோரும் அவ்வளவு பிடிப்பதில்லை. வாஷிங்டன் மாநில அரசு தன் ஊழியர்களிடம் மாதம் 25 டாலர் வாங்குகிறது, ஜார்ஜியா 80 டாலர்.

ஆண்டுக் கடைசியில் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது கணினித் திரையில் ஒரு கேள்வி வரும்: அண்மை மாதங்களில் புகையிலை பயன்படுத்தினீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பல இடங்களில் பதிலே சொல்லாமல் விட்டாலும் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டு பணம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நம் ஊரில் டேர்ம் பாலிசி எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும், புகைப்பவருக்குப் பிரீமியம் கூடும் என்பதும் தெரியும். ஆனால் அது நாமாகப் போய் வாங்கும் ஆயுள் காப்பீடு. அமெரிக்காவில் கூடுதல் கட்டணம் ஏறுவது மருத்துவரைப் பார்க்கும் உரிமையின் மேல்.

யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால்தான் மனம் பொறுக்கவில்லை. 1964இல் மேலாளரும் புகைத்தார், சுமை தூக்குபவரும் புகைத்தார். 2021இல் புகைத்தவர்கள் 100க்கு 11, 12 பேர்தான். அதே ஆண்டுக் கணக்கில், பள்ளியை முடிக்காமல் பின்னர் தேர்வெழுதி அதற்கு ஈடான சான்றிதழ் வாங்கியவர்களில் 100க்கு 30 பேர் புகைத்தார்கள். முதுநிலைப் பட்டதாரிகளில் 3 பேர். ஆக, கூடுதல் கட்டணத்தின் பெரும்பங்கு கிடங்கிலும் கடையிலும் சமையலறையிலும் நிற்பவர்கள் தலையில் விழுகிறது. தினமும் புகைப்பவர்களில் ஏறக்குறைய 10க்கு 9 பேர் 18 வயதுக்கு முன்பே முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். மூன்றில் இரண்டு பேர் விட்டுவிட ஆசைப்படுகிறவர்கள்.

பணத்தைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்பது ஒரேயடியாகப் பொய்யும் அல்ல. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து காட்டுகிறோம் என்பது முக்கியம். ஜெனரல் எலெக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. புகையை விட்டால் 750 டாலர் வரை பரிசு என்றார்கள். ஓராண்டு முடிவில் பரிசுக் குழுவில் விட்டவர்கள் 100க்கு 15 பேர், மற்றக் குழுவில் 5 பேர். இவ்வளவு நல்ல பலனைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனம் கடைசியில் அமல்படுத்தியது 625 டாலர் கூடுதல் பிடித்தத்தை. புகைப்பவருக்கு ஏன் பரிசு என்று புகைக்காதவர்கள் ஆட்சேபித்தார்களாம். 2015இல் சிவிஎஸ் மருந்துக்கடை நிறுவனத்தோடு நடந்த பெரிய ஆய்விலும் இதே கதை. முழுப் பரிசை 100க்கு 90 பேர் ஏற்றார்கள். சொந்தப் பணம் 150 டாலரைப் பிணையாகக் கட்டு, விட்டால் பரிசோடு திரும்பத் தருகிறோம் என்றபோது வந்தவர்கள் 14 பேர்தான். கட்டத் துணிந்தவர்கள் மத்தியில் பலன் நன்றாகவே இருந்தது. துணியாதவர்களை என்ன செய்வது? தனிநபர் காப்பீட்டுச் சந்தையில் புகையிலைக் கட்டணத்தின் விளைவை ஆராய்ந்து ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் 2016இல் வெளியான கட்டுரை இன்னும் கசப்பானது. புகைப்பவர்கள் புகையை விடவில்லை, காப்பீட்டைத்தான் விட்டார்கள்.

சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. முதலாளி கூடுதல் கட்டணம் பிடிப்பதானால் மாற்று வழி தர வேண்டும். தொலைபேசி ஆலோசனையோ, சில வார வகுப்போ, அதை முடித்தால் போதும். புகையை விட்டாரா என்று பார்க்காமலே, புகைக்காதவருக்குக் கிடைக்கும் முழுச் சலுகையையும் தர வேண்டும். வகுப்பை ஆண்டு நடுவில் முடித்தாலும் முன்பு பிடித்த மாதங்களுக்கும் சேர்த்துத் தர வேண்டும் என்பது தொழிலாளர் துறையின் நிலைப்பாடு. பல நிறுவனங்கள் இந்தக் கதவைப் பற்றித் தெளிவாகச் சொல்லவில்லை, சொன்னவையும் வகுப்பு முடிந்த தேதியிலிருந்து மட்டுமே கட்டணத்தை நீக்கின என்பது குற்றச்சாட்டு. 2017இல் தொழிலாளர் துறையே மேசிஸ் கடைத்தொடர் மீது வழக்குத் தொடுத்தது. அண்மை ஆண்டுகளில் ஊழியர்களே வரிசையாக நீதிமன்றம் போகிறார்கள். வகுப்பை முடித்துவிட்டோம், ஜனவரி முதல் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள்.