டிராக்டரின் சூட்டையும் புகையையும் கவனியுங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் கோடை உழவு தொடங்கிவிடும். இறுகிக் கிடக்கும் செம்மண்ணில் சட்டிக் கலப்பை இழுப்பதும், ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்குப் பாரத்துடன் ஜவ்வரிசி ஆலைக்குச் செல்வதும் டிராக்டருக்குக் கடும் வேலைகள். எஞ்சின் சூடேறுவதும் புகை கக்குவதும் பெரும்பாலும் இத்தகைய வேலைகளின்போதுதான். புகையைக் கண்டதும் எஞ்சினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றிவிட்டு, ஏர் கிளீனர் அடைப்பே காரணம் எனப் பின்னர் அறிந்து வருந்துவோர் உண்டு. எஞ்சினில் கை வைக்கும் முன் செலவில்லாத சோதனைகளைச் செய்து பார்த்தல் நல்லது.

புகை ஏன் வருகிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று இறுக அழுத்தப்படும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றி எரிகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முறை இதுவே. ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். காற்றோ, அழுத்தமோ, சூடோ குறைந்தால் டீசல் சரியாக எரியாது. என்ன குறை என்பதைப் புகையின் நிறம் காட்டிவிடும்.

கரும்புகை

காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் என்பதற்கு இது அடையாளம். முதலில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அல்லது கலப்பையைச் சற்று உயர்த்துங்கள். புகை அடங்கினால் பாரம் அதிகம் என்று பொருள். அடங்காவிட்டால் ஏர் கிளீனரைப் பாருங்கள். எண்ணெய்த் தொட்டி உள்ள வகையில் அழுக்கு எண்ணெயைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, குறியிட்ட அளவுக்கு மட்டும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். தூசி மிகுந்த உழவின்போது இதைத் தினமும் செய்யலாம். காகித வடிகட்டி உள்ள வகையை டீசலில் கழுவக் கூடாது. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் புகை குறையலாம். ஆனால் மண் தூசி உள்ளே சென்று சிலிண்டரையும் ரிங்கையும் அரைத்துவிடும். ஏர் கிளீனர் சரியாக இருந்தும் கரும்புகை வந்தால் நாசிலைப் பட்டறையில் சோதிக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் நாசில் குழாயை நீங்களே தளர்த்தாதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

வெண்புகை

குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் சில நிமிடம் வெண்புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காமல், கண் எரிந்து டீசல் வாடை அடித்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது என அறியலாம். நாசில் கோளாறோ, அழுத்தக் குறைவோ காரணமாகலாம். வாடையில்லாமல் நீராவி போல வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. அதன் பிறகு எஞ்சினை ஓட்டவே கூடாது.

நீலப்புகை

எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதே இதன் பொருள். ஆயில் மேல் குறியைத் தாண்டியிருக்கிறதா, ஏர் கிளீனர் தொட்டியில் எண்ணெய் மிகுந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, ஆயில் அடிக்கடி குறைந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். பிரிக்கும் செலவு அப்போதுதான் நியாயமாகும்.

சூடு ஏறினால்

முள் சிவப்புப் பகுதியை நெருங்கினால் உடனே பாரத்தை நீக்குங்கள். தண்ணீர் ஒழுகாமல், ஆவியும் வராமல் இருந்தால் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தலாம். தண்ணீர் ஒழுகினாலோ ஆவி பீறிட்டாலோ அக்கணமே நிறுத்த வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சுட்ட எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் காணும்.

ஆறிய பின் தண்ணீர் மட்டத்தையும், பேன் பெல்ட்டின் தளர்வையும் பாருங்கள். கட்டை விரலால் அழுத்தினால் பெல்ட் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் அமுங்கினால் இறுக்க வேண்டும். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே சோளத்தாள் தூசியும் பதரும் அடைத்திருந்தால் விசிறிப் பக்கமிருந்து தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். உப்புத் தன்மையுள்ள கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது தவறு. வெந்நீர்த் தவலையில் படிவது போன்ற வெள்ளை உப்பு உள்ளே படிந்து சூடு வெளியேறாமல் தடுக்கும். சேமித்த மழைநீரோ, வடித்த நீரோ பயன்படுத்தி, கையேட்டில் சொல்லியுள்ள அளவு கூலன்ட் கலக்க வேண்டும்.

சூடேறுகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. எஞ்சின் போதிய சூடு அடையாமலே ஓடினால் டீசல் முழுதும் எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிட, ரிங் விரைவில் தேயும். இன்று மிச்சப்படுத்திய தெர்மோஸ்டாட்டின் விலை நாளை எஞ்சின் வேலையாகத் திரும்பி வரும்.

ஓர் எச்சரிக்கை: எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது, கிணற்றுக்குள் ஆயில் எஞ்சினை இறக்கி ஓட்டவும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது, உயிரைப் பறித்துவிடும்.

பட்டறைக்குச் செல்லும்போது புகையின் நிறம், அது கிளப்பும்போதா பாரம் இழுக்கும்போதா, ஆயிலும் தண்ணீரும் எவ்வளவு குறைந்தன என்ற மூன்றையும் குறித்துச் செல்லுங்கள். வேண்டாத பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும்.